உள்காற்று

ஏறுங்கள் தம்பி, ஏறுங்கள். முன்னாலேயே உட்காருங்கள். பின்சீட்டில் டூல் பெட்டி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது பாருங்கள், அதன் மேல் ஈரம் படக் கூடாது. கதவை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சாத்துங்கள். ஆங், அவ்வளவுதான்.

அந்த பஸ் இனிமேல் கிளம்பாது. டிரைவர், கண்டக்டர் இரண்டு பேருமே டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள், கவனித்தீர்களா? கொஞ்சமாவது நம்பிக்கை இருந்தால் ஒருத்தராவது வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்.

எங்கே போக வேண்டும்? கீழ்ப்பட்டறையா? அட, நானும் அங்கேதான் போகிறேன். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். போய், நின்று, திரும்பி வந்துவிடுவேன். உங்களுக்குச் சொந்த ஊரே அதுவா? ஓசூரில் வேலையா? சரி, சரி. அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

குளிருகிறதா? நன்றாக நனைந்திருக்கிறீர்கள். ஏசியை அணைத்துவிடுகிறேன், காற்றாடி மட்டும் ஓடட்டும். ஏசி என்றால் என் பேச்சை நம்பலாம் தம்பி, அதுதான் என் தொழில். வேலூரில் காட்பாடி போகிற வழியில் 'ஏகாம்பரம் கார் ஏசி' என்று நீல போர்டு பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லையா? பரவாயில்லை. மரம் மறைக்கிறது. நான்தான் அந்த ஏகாம்பரம்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "கேஸ் போடுங்க, கேஸ் போடுங்க" என்றுதான் வருவார்கள். பாதிக் காருக்கு ரிப்பேரே இருக்காது. எல்லாம் இந்த ஒரு பட்டன்தான். இதோ, இது. ஒரு கார் படம் போட்டு, அதற்குள்ளே அம்புக்குறி ஒன்று வளைந்து திரும்புகிறது, தெரிகிறதா? இதை அழுத்தினால் வெளியிலிருந்து வருகிற காற்று நின்றுவிடும். உள்ளே இருக்கிறதே திரும்பத் திரும்பச் சுற்றும். உள்காற்று என்று நான் சொல்வேன். கார் விற்கிறவன் யாருக்கும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஒருத்தர் கார் வாங்கின நாளிலிருந்து நாலு வருஷமாக அழுத்தியே வைத்திருந்தார், எடுத்ததே இல்லை. இன்னொருத்தர் தொட்டதே இல்லை. கேட்டால், யூ டர்ன் அடிக்கிற பட்டன் என்று நினைத்தாராம். சிரிக்காதீர்கள், ஹெட்மாஸ்டர் அவர்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. வெயிலில் நின்ற காரில் ஏறினவுடன் அழுத்தக் கூடாது. நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு தெரு தூரம் ஓட்டி, அந்தச் சூட்டை வெளியே தள்ளணும். அப்புறம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்காற்று வைத்தால் சட்டென்று குளிர்ந்துவிடும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் உள்காற்றுதான். குப்பைமேடு, சாக்கடை வந்தாலும் அதேதான். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது வெளிக்காற்றை விடணும். இல்லாவிட்டால் நாம் விட்ட மூச்சையே நாம் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். தலை கனக்கும், கண் சொருகும். மழையில் போடவே கூடாது. கண்ணாடியில் ஆவி படிந்து ரோடே தெரியாது.

இதையெல்லாம் கஸ்டமரிடம் சொன்னால் தலையாட்டுவார்கள், கண் போனில் இருக்கும். முழுசாகக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருந்தாள். குணவதி. என் சம்சாரம். சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். "அந்த எட்மாஸ்டரு மறுபடியும் வந்தாரா?" என்று அவளே எடுத்துக்கொடுப்பாள். இப்போது சோறும் நானே போட்டுக்கொள்கிறேன், கேள்வியும் நானே கேட்டுக்கொள்கிறேன். முந்தாநாள் ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது "எட்மாஸ்டரு வந்தாரு இன்னிக்கு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் தம்பி. குக்கர்தான் விசில் அடித்தது.

ஐயோ, செத்துப்போகவில்லை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில்தான் இருக்கிறாள், அம்மா வீட்டில். டேங்க் தெரு. அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் வாராவாரம் வருகிறேன்.

இதோ பாலம் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் லாரி எடை போடுகிற எடைமேடை. உங்கள் ஊர் போர்டு இன்னும் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் மூக்குக்கு எடைமேடையிலேயே ஊர் ஆரம்பித்துவிடும். தோல் பதனிடுகிற ஷாப்பு எத்தனை இருக்கும் உங்கள் ஊரில், ஒரு பதினாலு? பதினேழா! உங்களுக்குப் பழகியிருக்கும். பழகாதவனுக்கு அந்தப் பச்சைத்தோலும் சுண்ணாம்பும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களைச் சொல்லவில்லை தம்பி, ஊரைச் சொல்கிறேன்.

டப். கேட்டதா சத்தம்? உள்ளே ஒரு சின்னத் தடுப்பு விழுந்து மூடிக்கொள்கிறது. மழையில் போடக் கூடாது என்று இப்போதுதானே சொன்னேன், அதற்குள் போட்டுவிட்டேன் பாருங்கள். இந்த எடைமேடை வந்தால் கை தானாகப் போய்விடுகிறது. பதினோரு வருஷப் பழக்கம். கார் வாங்கி அத்தனை வருஷம் ஆகிறது.

குணவதிக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். அவள் மூக்கைச் சுளித்ததே கிடையாது, அது வேறே விஷயம். பிறந்து வளர்ந்த ஊர். ஆனாலும் நம் காரில் உட்கார்ந்துகொண்டு அவள் எதற்கு அந்தக் காற்றை இழுக்கணும்? முதல் தடவை அழுத்திவிட்டு, "பாத்தியா, வாடையே இல்ல" என்றேன். "ம்" என்றாள். அதிலிருந்து எப்போது வந்தாலும் எடைமேடை வரைக்கும் வளவளவென்று பேசிக்கொண்டு வருவாள். டப் என்று சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். அம்மா வீடு வரப்போகிற சந்தோஷம்தான். பெண்களுக்கு அப்படித்தானே இருக்கும்?

அவள் அப்பா பேர் சின்னையன். முப்பத்தெட்டு வருஷம் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிற வேலை. தெரியுமா உங்களுக்கு? ஆமாம், வெயில் இல்லாவிட்டாலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பாரே, அவரேதான். நல்ல மனுஷன். சுத்தமான மனுஷன். எங்கேயாவது புறப்படுகிறார் என்றால் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார், பவுடர் பூசிக்கொள்வார். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் உடம்புக்குள் இறங்கினது சோப்பில் போய்விடுமா?

கடைசியில் அவருக்கு மூச்சுத் தொந்தரவு வந்துவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வரணும். நான் குறை வைக்கவில்லை தம்பி. கடையை மூடிவிட்டு, இங்கே வந்து, ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவேன். எத்தனை மருமகன் செய்வான்?

அப்படி ஒரு நாள் ஊரிலிருந்து கிளம்பிப் போகிறோம். குணவதி இதே சீட்டில், நீங்கள் இருக்கிற இடத்தில். பெரியவர் பின்னால். எடைமேடை தாண்டினதும் நான் வெளிக்காற்றுக்கு மாற்றினேன். டப். பின்னாலிருந்து பெரியவர் கேட்டார், "இன்னா மாப்ள அது, டப்புன்னு?"

தொழில் விஷயத்தை ஒருத்தர் ஆசையாகக் கேட்கிறார். சொல்லாமல் இருக்க முடியுமா? விளக்கமாகச் சொன்னேன். "வாடை வெளிய இருந்தா உள்காத்து வெக்கணும் மாமா. வாடை உள்ள இருந்தா வெளிக்காத்து வெக்கணும். அவ்ளோதான் விஷயம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ நம்ம ஊருக்கு வர்றச்சே உள்காத்து. நான் ஏறிக்கினா வெளிக்காத்து."

"கரெக்ட் மாமா!" என்றேன். அவ்வளவு சீக்கிரமாக அதைப் பிடித்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. ஹெட்மாஸ்டருக்கே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் சிரித்தார் தம்பி. இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். குணவதி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் இதெல்லாம் ஏற்கெனவே தெரியுமே.

அடுத்த தடவை நான் வந்து ஹாரன் அடிக்கிறேன், பெரியவர் பஸ்ஸில் போய்விட்டாராம். "கார்ல கால நீட்ட முடியலன்னாரு மாமா" என்றான் என் மச்சான் முனிரத்தினம். பஸ்ஸில் மட்டும் நீட்ட முடியுமா? முன்சீட்டைத் தள்ளிப் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். வயசானால் ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. இதில் குணவதி வேறே, அவருக்குத் துணை என்று வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பஸ்ஸில் வருவாள். "கார் இருக்கும்போது உனக்கு ஏண்டி இந்தத் தலையெழுத்து?" என்று கேட்டேன். "அங்க ஜன்னலத் தெறந்து வெச்சிக்கலாம்" என்றாள். பஸ் ஜன்னலில் என்ன வரும்? டீசல் புகை வரும். சொன்னேன். கேட்கவில்லை.

சித்திரையில் அவர் போய்ச்சேர்ந்தார்.

நான் சொல்ல வந்ததே அந்த நாளைத்தான். காலையிலேயே வந்துவிட்டோம். மருமகன் அவர் மேல் கோடித்துணி போடணும் இல்லையா, நானே போய் நல்ல கரை வேட்டியாகப் பார்த்து வாங்கினேன். பின்சீட்டில் இருக்கிறதே, அதே பைதான். பந்தலில் உட்காரலாம் என்றால் கூட்டம், மண்டையைப் பிளக்கிற வெயில், அடுத்த தெருவில் தோல் காயப் போட்டிருக்கிறார்கள். "மூணு மணிக்குத்தான் எடுப்பாங்க" என்றார்கள். சரி, கொஞ்ச நேரம் காரில் உட்காரலாம் என்று வந்தேன். தெருமுனையில் டேங்குக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். கண்ணாடி இறக்கிச் சூட்டைத் தள்ளினேன், ஏற்றினேன், ஏசி, உள்காற்று. எல்லாம் முறைப்படி. கோடிப் பை மடியில்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிக்காற்று விடணும். ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்றைக்கு நான் விடவில்லை. கண் சொருகிவிட்டது. அது தூக்கம் இல்லை தம்பி, அது காற்று. அப்பா கிடக்கும்போது இவர் தூங்கிவிட்டார் என்று அவள் நினைக்கக் கூடாது பாருங்கள். நூறு தடவை சொல்லியிருப்பேன், அது காற்றுதான் குணா, காற்றுதான் என்று.

முழித்துப் பார்த்தால் நாலரை மணி. பந்தலில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். என் பானட் மேலே, கண்ணாடி மேலே, வைப்பர் இடுக்கிலே, எங்கே பார்த்தாலும் சாமந்திப் பூவும் பொரியும். என்னைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேளம் அடித்துக்கொண்டு, வெடி போட்டுக்கொண்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் போயிருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பூ பறக்கப் பறக்கப் போனேன். மண்ணைத் தள்ளி முடித்துவிட்டார்கள்.

இருநூறு பேர் இருந்த இடம் தம்பி. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, என்னை எழுப்பவில்லை. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பெண் கொடுத்த வீடு. இருபத்து நாலு வருஷ மருமகன். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு இருக்கிற ஒரே உறவு அந்த வீடுதான். கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்ட ஒருத்தருக்கும் கை வரவில்லை என்றால், என்ன மாதிரி மனுஷர்கள்? நீங்களே சொல்லுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து "கிளம்பு" என்றேன். "அம்மா தனியா இருக்காங்க" என்றாள். முனிரத்தினம் பெண்டாட்டி பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறான், அத்தைக்கு என்ன தனி? நான்தான் தனி. அதிலிருந்து இன்றுவரைக்கும் இப்படித்தான். போன் போட்டால் எடுப்பாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். "வரியா?" என்றால், "உள்ள வந்து கூப்புடுங்க" என்பாள். உள்ளே வந்து கூப்பிட்டால் என்ன, வெளியே நின்று கூப்பிட்டால் என்ன? கூப்பிடுகிறது ஒன்றுதானே?

நான் உள்ளே போகமாட்டேன். எழுப்பாத வீட்டுக்குள் எப்படிப் போவது? அவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். தெருமுனையில் நிறுத்தி மூன்று ஹாரன் அடிப்பேன். அரைமணி நேரம் நிற்பேன். வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும். ஒரு தடவை முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அரிசியைப் புடைத்தாள், காரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

வந்துவிட்டோம். இதுதான் டேங்க். மூன்றாவது வீடு. மழை வலுத்துவிட்டது, கொஞ்சம் விடட்டும், அப்புறம் இறங்குங்கள். ஹாரன் அடித்துவிடுகிறேன், காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

கண்ணாடியைப் பார்த்தீர்களா, முழுக்க ஆவி. உங்கள் ஈரச் சட்டை, இரண்டு பேர் மூச்சு, நான் விடாமல் பேசின பேச்சு, எல்லாம் உள்ளேயே சுற்றுகிறது. சொன்னேனா இல்லையா, மழையில் போடக் கூடாது என்று.

ஐயையோ, அந்தப் பக்கம் துடைக்காதீர்கள்! உங்கள் காதுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் தெரிகிறது பாருங்கள், அதைத் தொடாதீர்கள். எண்ணெய்க் கறை. ஆவி படிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அவள் தலை சாய்க்கிற இடம். "கண்ணாடியெல்லாம் எண்ணெயாக்குற" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். வாராவாரம் காரைக் கழுவுகிறேன். அந்த இடத்தைத் துடைக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறதே. புடவையா அது? உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கு வெள்ளையாகத்தான் இருக்கிறது எல்லாம்.

என்ன தம்பி? சொல்லுங்கள். ஏதோ சொல்ல வந்தீர்கள். இவ்வளவு தூரம் உங்களை வாய் திறக்க விடாமல் நானே பேசிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்களா? அன்றைக்கு நீங்கள் இருந்தீர்களா? பூ இறைத்துக்கொண்டு போனது நீங்களா!

தட்டினார்களா?

யார், முனிரத்தினமா? இந்தக் கண்ணாடியையா? நான் புரண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேனா? எனக்குத் தெரியவே தெரியாது தம்பி, என் தாய் மேல் ஆணையாகத் தெரியாது. சரி, அப்புறம்? அவரைத் தூக்கிக்கொண்டு நின்றார்களா? எனக்காகவா? எல்லோரும் வெயிலில் நின்றார்களா?

யார் வந்து? குணவதியா? பெண்கள் இந்த முனைவரைக்கும்தானே வருவார்கள். சரி. வந்து?

என்ன சொன்னாள்?

திருப்பிச் சொல்லுங்கள். அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

"வேணாம் வுடு, முனி. கண்ணாடிய எறக்குனா அவருக்கு வாடை வரும்."

கோபமாகவா சொன்னாள்? இல்லையா. அழுதுகொண்டா? அதுவும் இல்லையா. சும்மா சொன்னாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்கிற மாதிரியா. ஓ.

கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாளா. எந்தக் கண்ணாடி? என் பக்கத்துக் கண்ணாடியா.

சரி.

சரி தம்பி.

இப்படி ஆவி படிந்துவிட்டால் என்ன செய்யணும் தெரியுமா? துணியால் துடைத்தால் மறுபடியும் படியும். வெளிக்காற்றை விடணும். வேறே வழி கிடையாது. முப்பது வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டப்.

வருகிறது பாருங்கள். மழையில் இன்னும் கூடுதலாக இருக்கிறது. சுண்ணாம்பு, அப்புறம் தோல் பதனிடுகிற அந்தப் பட்டை ஊறின தண்ணீர். இது எனக்கு... கல்யாணமாகி வந்த புதிதில் குணவதி டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இதேதான் வரும் தம்பி. ஒரு வருஷம் வந்தது. அறை முழுக்க வரும். அப்போது எனக்கு அது வாடையாகவே தெரியவில்லை. எப்படி மறந்துபோனேன்?

கீழே இருந்துதான் தெளியும், கவனியுங்கள். இதோ படி தெரிகிறது. கால் தெரிகிறது. புடவைக் கரை. அவள்தான். மேலே வரைக்கும் தெளிய இன்னும் ஐந்து நிமிஷமாவது ஆகும். அதுவரைக்கும் சும்மா இங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

பின்னாலே கையை விட்டு அந்தப் பையை எடுங்கள். துணிக்கடைப் பை. அதேதான். ஈரம் படாமல் கொடுங்கள். உள்ளே பெரியவர் போட்டோ மாட்டியிருப்பார்கள் இல்லையா? கூடத்திலா? சரி.

குடையெல்லாம் வேண்டாம், நாலு எட்டுத்தானே. நீங்கள் கிளம்புங்கள், அம்மா காத்திருப்பார்கள். கதவைச் சாத்த வேண்டாம் தம்பி. சீட்டு நனைந்தால் நனையட்டும். திறந்தே கிடக்கட்டும்.